தறிக்குழியும் கரும்பலகையும்

கல்வி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பள்ளிக்கூடம். ஒரு கரும்பலகை, வரிசையாக அமர்ந்த பிள்ளைகள், புத்தகம் ஏந்திய ஆசிரியர். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத இடத்தில் நடப்பதைக் கல்வி என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஆயினும் நம் சங்கத்து அங்கத்தினருள் பெரும்பாலோர் தமக்குச் சோறிடும் தொழிலைப் பள்ளியில் கற்றவரல்லர். நெசவாளர் தறிக்குழியில் கற்றார். உழவர் வரப்பில் கற்றார். அவ்வாறு கற்றது எத்தகைய கல்வி, பள்ளிக்கூடத்துக் கல்விக்கும் அதற்கும் உள்ள உறவு யாது, இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் போனால் விளையும் கேடு யாது என்பனவே இம்மாதப் பாடத்தின் பொருள். இது வீண் விசாரமன்று. இவ்விரண்டும் பிரிந்து நின்ற காரணத்தால் எங்கள் சங்கத்தில் குற்றமற்றவர் பலர் கூலியை இழந்தனர். அந்தப் பிடித்தத் தாளில் கையெழுத்திட்டவன் நானே. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தார் சுற்றும் பிள்ளை

நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதலில் தறியில் உட்காருவதில்லை. ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றுகிறது. பின்னர் அறுந்த இழையை முடிகிறது. பாவு பிணைக்கும்போது இழையை எடுத்துக் கொடுக்கிறது. தகப்பனார் உணவுக்கு எழுந்த நேரத்தில் நாலு விரற்கிடை நெய்து பார்க்கிறது. ஓரம் இழுத்துக்கொண்டால் திட்டு வாங்குகிறது. இப்படியே ஆண்டுகள் சென்றபின் தனித் தறி. எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான் பாவுக் கணக்கும், அச்சுக்கு ஏற்ற இழை எண்ணும், புதுக் கரைக்கு விழுது கட்டுவதும் கைவருகின்றன.

துணி உண்டாகும் வரிசை வேறு. கற்கும் வரிசை வேறு. பாவின் கணக்கும் ஓட்டமும் முதலில் முடிந்தாலன்றித் தறி ஓடாது. ஆனால் கற்பவனுக்கு அவை கடைசியில் வருகின்றன. இதனை நாம் வழக்கம் என்று மட்டுமே எண்ணியிருந்தோம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா நாட்டின் தலைநகரான மன்ரோவியாவில், 1970களில் ஜீன் லேவ் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் தையற்காரரிடையே தங்கி ஆராய்ந்தார். அங்கே தொழில் பழகும் பையன் முதலில் பொத்தான் தைக்கிறான், மடிப்பு ஓரம் தைக்கிறான். பின்பு துண்டுகளை இணைத்துத் தைக்கிறான். கடைசியிலேயே துணி வெட்டுகிறான். ஆடை உருவாகும் வரிசைக்கு நேர்மாறான வரிசை இது. காரணம் எளியது. ஓரத் தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுப் பிழைத்தால் துணியே போயிற்று. மேலும், முடிந்த ஆடையைத் தினமும் கையில் எடுத்துப் பார்ப்பவனுக்கு, எந்தத் துண்டு எங்கே சேரும் என்பது வெட்டத் தொடங்குமுன்பே விளங்கிவிடுகிறது. நம் தார் சுற்றும் பிள்ளையும் அவ்வாறே. தார் நெகிழ்ந்திருந்தால் நாடாவில் நூல் சரிந்து சிக்குகிறது. ஒரு நாழிகைக்குள் தகப்பனாரின் குரல் கேட்கிறது. பிழைக்கும் அதன் விளைவுக்கும் இடையே மாதங்கள் செல்லவில்லை. அங்கே தேர்வு என்று ஒன்று தனியே வேண்டியதில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின் இதன் குறையையும் சொல்ல வேண்டும். தறிக்குழிக் கல்வி ‘எப்படி’ என்பதைத் திறம்படக் கற்பிக்கும். ‘ஏன்’ என்பதைப் பெரும்பாலும் கற்பிக்காது. அருகில் உட்கார்ந்தவனுக்கே அது கிட்டும். எல்லோரையும் உட்கார விடுவதும் இல்லை. எத்தனையோ வீடுகளில் பெண்கள் வாழ்நாள் முழுவதும் தார் சுற்றினர், தறியில் உட்கார்த்தப்படவில்லை, அந்த உழைப்புக்கெனத் தனிக் கூலியும் எழுதப்படவில்லை. அன்றியும், தொழில் பழகுகிறது என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் கொடுமைக்கு நான் சொல்வதைச் சான்றாக எவரும் கொள்ளலாகாது. 6 முதல் 14 வயது வரை பள்ளிக் கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது அவ்வாறுதான் இருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்து வரும் கதையில் விளங்கும்.

ஒரு கட்டு நூலின் வழக்கு

நான் ஒரு நெசவாளர் சங்கத்தில் காரியதரிசியாக இருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. கட்டு நூல் கிலோ நிறுவைக்கு வந்துவிட்ட பின்னும் எங்கள் நெசவாளர் பவுண்டிலேயே பேசினர். 10 பவுண்டுக் கட்டு என்பது 4.54 கிலோ. நூலின் நம்பரும் இன்றுவரை பவுண்டையும் கஜத்தையும் விடவில்லை. 840 கஜம் நீளமுள்ள சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கிறதோ அதுவே அந்நூலின் நம்பர். 40 சிட்டம் நின்றால் 40-ஆம் நம்பர்; 60 நின்றால் 60-ஆம் நம்பர். எண் ஏற ஏற நூல் மெல்லியதாகும்.

அப்போது எங்களிடம் நெய்யப்பட்ட ஓர் இரகத்திற்கு அகலம் 48 அங்குலம். அங்குலத்திற்கு 72 இழை. ஆகவே பாவில் 3,456 இழைகள். பாவின் நீளம் 40 கஜம். மொத்த நீளம் 1,38,240 கஜம். இதனை 840-ஆல் வகுத்தால் 164½ சிட்டத்துக்குச் சற்று மேல்; அதை 40-ஆல் வகுத்தால் 4.11 பவுண்டு. ஆக ஒரு கட்டில் இரண்டு பாவு இறங்கியபின் ஒன்றேமுக்கால் பவுண்டு மிஞ்ச வேண்டும். கழிவுக்குக் கால் பவுண்டு தள்ளி, ஒன்றரைப் பவுண்டு நூல் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி.

ஒரு பருவத்தில் அது திரும்பவில்லை. ஒருவர் இருவர் அல்லர். ஏறத்தாழ எல்லோருமே முக்கால் பவுண்டு கொண்டுவந்து வைத்தனர். நிர்வாகக் குழு கூடியது. நூலை வெளியில் விற்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் மறுக்கவில்லை. குறைந்த நூலின் விலையைக் கூலியில் பிடிக்கத் தீர்மானமாயிற்று. பிடித்தக் கணக்கை எழுதினவன் நான். நான் பள்ளியிறுதி வரை படித்தவன். நூல் நம்பர் வாய்பாடு எனக்கு மனப்பாடம். நான் அன்று செய்த தவறு அந்த வாய்பாட்டிலேயே இருந்தது: அது தவறாக முடியாது என்பதனால், நெசவாளரே தவறியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் இருந்தார். அலுவலகப் படியில் நின்றுகொண்டு ஓர் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டினார். “தம்பி, இது நாற்பது இல்லை; நூல் பருமன். விரல் சொல்லுது” என்றார். விரல் சொல்வதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? கட்டின் மேல் 40 என்று அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. நான் சீட்டை நம்பினேன்.

அக்காலத்தில் சங்கக் கட்டடத்தில் முதியோருக்கு இரவு வகுப்பு ஒன்று நடந்துவந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியரான இளைஞர் ஒருவர் கூலி பெறாமல் நடத்தினார். முதல் வாரம் முப்பது பேர் வந்தனர். ஒரு மாதத்தில் நால்வர் எஞ்சினர். நாள் முழுதும் மிதித்த கால்களோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு அவர் எடுத்த கணக்கு, ஒரு தொட்டியில் ஒரு குழாய் நிரப்புவதும் இன்னொரு குழாய் வெளியேற்றுவதும். எங்கள் ஊரில் அன்று குழாயே இல்லை.

அந்த நால்வருள் முதியவரும் ஒருவர். ஓர் இரவு அவர் மடியிலிருந்து ஒரு சிட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்து, “வாத்தியாரே, இது எத்தனாம் நம்பர் என்று உங்கள் கணக்கால் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். ஆசிரியருக்குச் சிட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாது என்று அவர் சொன்னதுதான் அவர் அந்த வகுப்பில் செய்த மிகச் சிறந்த காரியம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். முதியவர் அவருக்குச் சிட்டத்தைப் பிரித்துக் காட்டினார். ஒன்றரைக் கஜம் சுற்றளவுள்ள சட்டத்தில் 80 சுற்று ஒரு பிரிவு. அப்படி ஏழு பிரிவு. ஆக 560 சுற்று, 840 கஜம். இவர் சொல்லச் சொல்ல அவர் கரும்பலகையில் எழுதினார். ஒரு பவுண்டு 453.6 கிராம்; நாற்பதால் வகுக்க 11.34. எனவே 40-ஆம் நம்பர் நூலில் ஒரு சிட்டம் 11.34 கிராம், பத்துச் சிட்டம் 113.4 கிராம் நிற்க வேண்டும். இவ்வளவு நுட்பமாக நிறுக்கச் சங்கத்தில் தராசு இல்லை. பொற்கொல்லர் ஒருவரிடம் இருந்தது. மறுநாள் சுற்றுகளை எண்ணிச் சரிபார்த்த பத்துச் சிட்டங்களை அவர் தராசில் வைத்தபோது 124 கிராம் நின்றது.

கணக்கு தலைகீழாக ஓடிற்று. 124 கிராமுக்குப் பத்துச் சிட்டம் என்றால் பவுண்டுக்கு 36½. அந்நூல் நாற்பதன்று, முப்பத்தாறரை. இரண்டு பாவுக்கு 329 சிட்டம் வேண்டும். அதை 36½-ஆல் வகுத்தால் 9 பவுண்டு. கழிவு கால் பவுண்டு. மீதி? முக்கால் பவுண்டு. நெசவாளர் கொண்டுவந்து வைத்தது எவ்வளவோ அவ்வளவே. ஒரு முழம் நூல்கூடக் களவு போகவில்லை.

நூற்பாலை அந்தச் சரக்கில் எஞ்சியிருந்த கட்டுகளை மாற்றிக் கொடுத்தது; தவறு என்று ஒப்பவில்லை. பிடித்த கூலியைத் திருப்பித் தரக் குழு தீர்மானித்தது. அதற்குள் இரு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயிருந்தன. அவர்கள் கணக்கில் வரவு வைத்த தொகை நான் பொறுப்பைவிட்டு விலகும் நாள்வரை அப்படியே நின்றது.

இரவு வகுப்பு பின்பு மூன்று ஆண்டுகள் நிரம்பி நடந்தது. தொட்டியும் குழாயும் போயின. பாவும் சிட்டமும் கழிவும் கூலிச் சீட்டும் வந்தன. அதன்பின் தம் கடன் பாக்கிக்கு வட்டி சரிதானா என்று அங்கத்தினர் கேட்கத் தொடங்கினர். காரியதரிசிக்கு அது சற்றுத் தொல்லையாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்?

விரலும் சுண்ணாம்பும்

இந்நிகழ்ச்சியை அனுபவமே பெரிது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு உதாரணமாகச் சிலர் எடுத்துக்கொள்வர். அது பொருந்தாது. முதியவரின் விரல் உண்மையை முதலில் கண்டது. ஆனால் அதனால் ஒரு பைசாவையும் மீட்க முடியவில்லை. ஏனெனில் விரல் அறிந்ததை மற்றவர் முன் வைக்கும் வழி அவரிடம் இல்லை. என்னிடமும் ஆசிரியரிடமும் வழி இருந்தது, ஐயம் எழவில்லை. ஐயம் ஒருவரிடத்தும் அளவுகோல் மற்றொருவரிடத்தும் இருந்த வரையில் களவுப் பழி நிலைத்தது. இரண்டும் ஒரு மேசைக்கு வந்த இரவில் அது தீர்ந்தது.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. 1985-இல் வெளியான அதனைச் செய்தவர்கள் தெரெசினா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் என்னும் மூவர். தெருவிலும் சந்தையிலும் தேங்காய் முதலியன விற்கும் 9 முதல் 15 வயதுவரை உள்ள ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலச் சென்று விலை கேட்டனர். 63 கேள்விகளில் 98 விழுக்காடு சரியான விடை. பின்னர் அதே பிள்ளைகளிடம் அதே எண்களைத் தாளில் வெறுங் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடுதான். ஒரு பையன் 35 குரூசேரோ விலையுள்ள தேங்காய் நான்குக்கு எவ்வளவு என்று கேட்டபோது, மூன்றுக்கு 105 என்று தெரிந்து அதன்மேல் கூட்டி 140 என்றான். அவனே தாளில் 35-ஐ நான்கால் பெருக்கி 200 என்று எழுதினான்: நாலைந்து இருபது, மீதி இரண்டு, அந்த இரண்டை மூன்றோடு முதலில் கூட்டி ஐந்தாக்கி, பிறகு நான்கால் பெருக்கிவிட்டான். சந்தையில் நாலு தேங்காய்க்கு 200 என்று அவன் வாய் வந்திருக்குமா? வாங்குபவர் விடுவாரா? தாளில் எண்ணுக்குப் பின்னால் தேங்காய் இல்லை. ஆதலால் விடையைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

நம் பிள்ளைகள் கணக்கில் மட்டம் என்று தலைமையாசிரியர் சொல்லும்போது, பாவுக்கு இழை எண்ணும் பிள்ளையா மட்டம் என்று நாம் கேட்பதற்கு இடமிருக்கிறது. அதே சமயம் தெருக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்றுக்கு 105 என்பது அவனுக்குத் தினசரிப் பழக்கம். நாளை விலை 37 ஆனால் அவன் தடுமாறக்கூடும். பெருக்கல் வாய்பாட்டுக்கு எந்த விலையும் ஒன்றுதான். முதியவரும் 40-ஆம் நம்பரில் இரண்டு பாவு போக எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கையளவாக அறிவார். 80-ஆம் நம்பர் வந்தபோது ஆசிரியரையே கேட்டார்.

வயலே பள்ளியானது

இனி உழவரான அங்கத்தினர்க்கு. புகையான் என்னும் பூச்சியை அறியாதவர் உங்களுள் இலர். நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தாற்போல் காயும். இந்தோனேசியாவில் 1970களின் நடுவிலும், மீண்டும் 1980களின் நடுவிலும் இப்பூச்சி பெருஞ்சேதம் விளைத்தது. அக்காலத்தில் அந்நாட்டு அரசு பூச்சிமருந்தின் விலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தானே ஏற்றிருந்தது. மருந்து மலிவு, ஆகவே உழவர் தவறாமல் தெளித்தனர். தெளிக்கத் தெளிக்கப் பூச்சி பெருகிற்று.

இதன் காரணத்தை 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டு வயல்களில் ஆராய்ந்தவர் பீட்டர் கென்மோர் என்னும் பூச்சியியல் அறிஞர். புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. தெளித்த மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியில் திரியும் ஓநாய்ச் சிலந்தியும், புகையானின் முட்டையை உறிஞ்சியுண்ணும் மிரிட் நாவாய்ப் பூச்சியும் மருந்தால் மடிகின்றன. சில நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றை உண்ண ஒருவரும் இல்லை. காவற்காரனைக் கொன்றுவிட்டுக் களஞ்சியத்தைத் திறந்து வைத்த கதை. 1986 நவம்பரில் இந்தோனேசியக் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று, நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. பின்னர் விலைச் சலுகையும் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

ஆணையால் மருந்தை நிறுத்தலாம்; உழவரின் அச்சத்தை நிறுத்த முடியுமா? பல ஆண்டுகள் தெளி, தெளி என்று சொன்ன அதே அலுவலர், இப்போது தெளியாதே என்றால் யார் நம்புவர்? இங்கேதான் கற்பிக்கும் முறை மாறியது. 1989-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு, யோக்யகர்த்தா வட்டாரத்தில் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஏறத்தாழ 25 உழவர் கொண்ட ஒரு குழு, நடவிலிருந்து அறுவடைவரை வாரம் ஒரு காலைப்பொழுது வயலில் கூடும். ஐவர் ஐவராகப் பிரிந்து சேற்றில் இறங்கிப் பயிரைக் கவனிப்பர். தூர் எத்தனை, பூச்சி எத்தனை, அப்பூச்சியைத் தின்னும் பூச்சி எத்தனை என்று எண்ணுவர். பிறகு மரநிழலில் பெரிய தாளை விரித்து நடுவில் பயிரையும், ஒரு பக்கம் தீமை செய்வனவற்றையும், மறுபக்கம் நன்மை செய்வனவற்றையும் வண்ணக் கோலால் வரைவர். நீரின் அளவையும் வெயிலையும் மேகத்தையும் சேர்த்தே வரைவர். எழுத்தறியாதவரும் இதில் பின்தங்கவில்லை. படத்தைக் காட்டி, இவ்வாரம் செய்ய வேண்டியது என்ன என்று ஒவ்வொரு குழுவும் சொல்ல, மற்றவர் எதிர்வாதம் செய்வர்.

வழிநடத்துபவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் உழவர் பூச்சியொன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, “இது என்ன?” என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. எங்கே கண்டீர்கள், எத்தனை இருந்தன, என்ன செய்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெயரைச் சொன்னால் உழவர் மனநிறைவோடு போய்விடுவார். கேட்டால் மீண்டும் வயலுக்குப் போவார். ஐயம் தீராவிட்டால், அந்தப் பூச்சியையும் புகையானையும் ஒரே கூண்டில் அடைத்து வைத்து யார் யாரைத் தின்கிறார் என்று பார்ப்பார்கள். பல ஆண்டுகள் பகைவன் என்று எண்ணி மருந்தடித்த சிலந்தி, ஒரே இரவில் எத்தனை புகையானைத் தீர்த்தது என்பதைக் காலையில் கண்ணால் கண்டவருக்கு வேறு சொற்பொழிவு வேண்டியதில்லை.

இன்னொரு பாடம் இலை வெட்டுவது. வயலின் ஒரு மூலையில் சிறு பாத்திகள் குறித்து, இளம் பயிரின் இலையில் ஒரு பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். ஒரு பாத்தியில் கொஞ்சம், ஒன்றில் அதிகம், ஒன்றில் ஒன்றுமில்லை. அறுவடையில் தனித்தனியே நிறுப்பார்கள். தொடக்கப் பருவத்தில் ஏற்பட்ட மிதமான இலைச் சேதத்தைப் பயிர் புதுத் தூர்விட்டு ஈடுசெய்துகொள்வதை அவர்களே காண்பர். இலையில் ஓட்டை கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடும் கால் அதன்பின் சற்றுத் தயங்குகிறது.

இம்முறை 1990களில் ஆசிய நாடுகள் பலவற்றிலும் பரவிற்று. நம் நாட்டிலும் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தப்பட்டு வருகின்றன. எனினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் காட்டுவது நேர்மையாகாது. உலக வங்கியைச் சார்ந்த பொருளியலார் சிலர் இந்தோனேசிய உழவரின் விவரங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரைகளில், பள்ளிக்கு வந்தவர்களின் அறிவு ஓரளவு உயர்ந்ததென்றும், அண்டை உழவர்க்கு அது பெரிதும் பரவவில்லையென்றும், விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் தென்படவில்லையென்றும் எழுதினர். மருந்து குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உள; வாதம் முடிந்தபாடில்லை. அண்டைக்காரருக்குப் பரவவில்லை என்ற செய்தி எனக்கு வியப்பளிக்கவில்லை. கூண்டுக்குள் சிலந்தியைப் பார்த்தவர் வேலிக்கு அப்பால் நின்று, “சிலந்தி நல்லது” என்றால், கேட்பவருக்கு அது மீண்டும் ஒரு சொற்பொழிவுதான். முதியவரும் அலுவலகப் படியில் நின்று என்னிடம் சொன்னார் அல்லவா?

சங்கம் எங்கே வருகிறது

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் டோட் லேன் தெருவில் சிறு கடையொன்றைத் திறந்த 28 முன்னோடிகளை நாம் ஆண்டுதோறும் மேடையில் போற்றுகிறோம். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் கடைக்கு மேல்மாடியில் படிப்பறையும் நூலகமும் அமைத்ததையும், 1850களில் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கியதையும் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1995-இல் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும் தகவலும் ஆகும். கல்வி நிதி என்ற தலைப்பு நம் சங்கங்களின் கணக்கிலும் உண்டு. அந்தத் தலைப்பில் எழுதிய செலவுகளை நான் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன்: பந்தல், ஒலிபெருக்கி, தேநீர், வந்தவருக்குப் பொன்னாடை. அந்தப் பொன்னாடையாவது நம் தறியில் நெய்ததா என்றால் அதுவும் எப்போதும் இல்லை.

அந்தச் செலவில் ஒரு நுண்தராசு வாங்கலாம். ஒன்றரைக் கஜச் சுற்றளவுள்ள சிட்டச் சட்டம் ஒன்று தச்சரிடம் செய்விக்கலாம். ஒவ்வொரு நூல் சரக்கு வரும்போதும் நிர்வாகக் குழுவினர் அல்லாத அங்கத்தினர் இருவர், ஒருவர் முதியவராகவும் ஒருவர் பள்ளியிறுதி முடித்த இளைஞராகவும் அமர்ந்து, பத்துச் சிட்டம் எடுத்து நிறுத்து எண்ணைப் பலகையில் எழுதலாம். உழவர் சங்கமாயின், ஒரு பருவத்திற்கு ஐந்து சென்ட் நிலத்தைச் சோதனைக்கென ஒதுக்கி, நட்டம் வந்தால் கல்வி நிதியிலிருந்து ஈடு செய்யலாம். கூண்டுக்குக் கொசுவலைத் துணி போதும். வருடாந்தரக் கூட்டத்தில் ஐந்தொகையைப் படித்துவிட்டு அங்கீகரிக்கப்பட்டது என்று எழுதுவதற்கு முந்திய வாரம், அதிலுள்ள இரண்டு மூன்று தலைப்புகளை மட்டும் ரசீதுகளோடு விரித்து வைத்துப் பத்துப்பேர் படித்துப் பார்க்கலாம். எல்லாத் தலைப்பையும் ஒரே நாளில் கற்பிக்க முயல்வோர் தொட்டியும் குழாயும் எடுத்த இளைஞரின் கதியையே அடைவர்.

இம்மாதத்திற்கு ஒரு கணக்கு. நூல் 60-ஆம் நம்பர். துணியின் அகலம் 50 அங்குலம். அங்குலத்திற்கு 84 இழை. பாவின் நீளம் 36 கஜம். பாவுக்கு எத்தனை பவுண்டு நூல் வேண்டும்? பின்னம் வராமல் முழு எண்ணாகவே விடை வரும்படி எண்களைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். பாவு ஓட்டிப் பழகியவர்கள் முதலில் மனத்தால் மதிப்பிட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதன்பின் வகுத்துப் பார்க்கவும். விடைக்கு அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுத் தரும். சிட்டம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்டால், ஒன்றைப் பிரித்து 80 சுற்றை எண்ணிக் காட்டுங்கள்.